தனக்கே மனுப் போட்ட நிர்வாகி

மஞ்சக்காம்பாளையம் கயிறு கூட்டுறவுச் சங்கத்தில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். செயலாளர் நாச்சிமுத்து, குமாஸ்தா கிட்டுசாமி, பதிவேடு பார்க்கும் துளசிமணி. மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பார்கள்.

அந்தச் சங்கத்துக்கு ஒரு சர்வர் வந்து, ஃபைல்கள் எல்லாம் அதற்குள் போய்விட்டன. மாட்டிக் கொடுத்த இன்ஜினியர் நாச்சிமுத்துவை நிர்வாகி ஆக்கிவிட்டு, ஒன்றே ஒன்று சொன்னார்.

"யாருக்கு எது தேவையோ அதுக்கு மட்டும் அனுமதி கொடுங்க. தேவையில்லாததை எடுத்துடுங்க."

அவர் தலை மறைந்ததும் நாச்சிமுத்து விசாரணையைத் தொடங்கினார்.

"கிட்டு, உனக்கு இப்ப உறுப்பினர் ஃபைல் தேவையா?"

"இப்பங்களா? இப்ப ஒரு டீதானுங்க தேவை."

எடுத்துவிட்டார். துளசிமணிக்கு அப்போது தேவைப்பட்டது தலைவலி மாத்திரை. அந்த அம்மாளின் அனுமதியும் போயிற்று.

"உங்களுக்குங்க?" என்றார் துளசிமணி.

நாச்சிமுத்து கண்ணை மூடி யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுசன். "எனக்கும் ஒண்ணும் தேவைப்படலயே" என்று தன்னுடையதையும் எடுத்துவிட்டார்.

மறுநாள் இரண்டு மணிக்குக் கோகிலவாணி வந்தாள். ஆறு வருசம் அங்கே வேலை பார்த்தவள். விடிந்தால் கோயம்புத்தூரில் நேர்முகத் தேர்வு. அனுபவச் சான்றிதழ் இல்லாவிட்டால் உள்ளேயே விடமாட்டார்கள். நாலு மணி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் கிடையாது.

அவளுடைய ஃபைலைத் திறக்கப் போனால், மூன்று கம்ப்யூட்டரும் ஒரே பதிலைச் சொல்லின: 'அனுமதி இல்லை. நிர்வாகியை அணுகவும்.'

"நிர்வாகி யாருங்க?" என்றார் கிட்டுசாமி.

"நாந்தான்."

"அப்ப அணுகுங்க."

"அணுகத்தான் வேணும். ஆனா எனக்கு நானே சும்மா கொடுத்துக்கிட்டா ஊரு என்ன பேசும்? எல்லாருக்கும் உள்ள முறைதான் எனக்கும்."

அங்கே முறை என்னவென்றால், மேசைமேல் மனுவை வைத்துவிட்டு, கூப்பிடும்வரை வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். நாச்சிமுத்து 'உயர்திரு நிர்வாகி அவர்களுக்கு' என்று மனு எழுதி, தன் மேசைமேல் பணிவாக வைத்துவிட்டு, கோகிலவாணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மூன்றரை ஆயிற்று. கிட்டுசாமி அறைக்குள் எட்டிப் பார்த்தார். "சீட்டுல ஆளில்லீங்க. வந்துருவாரு, இருங்க."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொறுப்பில்லாத ஆளும்மா இவன். மேலிடத்துக்குப் புகார் எழுதினாத்தான் சரிப்படுவான்."

கோகிலவாணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சட்டென்று அதை விழுங்கிவிட்டுப் பேனாவை நீட்டினாள். "எழுதுங்க ஐயா. யாரைக் காக்க வெச்சாங்கன்னு விவரமாவே எழுதுங்க."

எழுதினார். 'இச்சங்கத்தில் ஆறு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் வேலை பார்த்த கோகிலவாணியையே இந்த நிர்வாகி காக்க வைக்கிறார்.' எதில் கையெழுத்துப் போட்டாலும் கீழே சங்க முத்திரை குத்துவது அவர் பழக்கம். குத்தினார்.

"நானே கொண்டு போய்ச் சேத்துடறேனுங்க" என்று அதை வாங்கிக்கொண்டு கோகிலவாணி பஸ்ஸுக்கு ஓடினாள். அவளுக்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்தது.

பெஞ்சில் தனியாக உட்காரப் பிடிக்காமல் நாச்சிமுத்து உள்ளே போய்த் தன் நாற்காலியில் அமர்ந்தார். எதிரே ஒரு மனு.

"கிட்டு, யாரப்பா இந்த நாச்சிமுத்து? வரச் சொல்லு."

கிட்டுசாமி வெளியே போய்ப் பெஞ்சைப் பார்த்துவிட்டு வந்தார். "இவ்வளவு நேரம் இங்கதானுங்க இருந்தாரு. இப்பத்தான் எந்திரிச்சுப் போனாரு."

நாச்சிமுத்து பேனாவை எடுத்து எழுதினார்: 'மனுதாரர் ஆஜராகவில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.' கீழே முத்திரை குத்தினார்.