நரி வீட்டுக்குத் தாய்மாமன்

கருவேலங்காட்டு ஓரத்தில் ஒரு தோட்டத்து வீடு. அந்த வீட்டில் சிப்பாய் என்றொரு நாய் இருந்தது. பெயர்தான் சிப்பாய். மிடுக்கெல்லாம் தளபதி மிடுக்கு!

வேலை என்னவோ கோழிக் காவல்தான். முற்றத்தில் மேயும் கோழிகளைக் காட்டு நரிகள் தூக்கிப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைச் சிப்பாய் ஒழுங்காகவே செய்து வந்தது. நரி வாடை அடித்தால் போதும், வேலி அதிரக் குரைக்கும். நரிகள் வெறும் வயிற்றோடு திரும்பிப் போகும்.

ஆனால் சிப்பாயின் மனதில் ஒரு குறை இருந்தது. ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும், வீட்டுக்காரர் சடையாண்டியும் அவர் மனைவி குருவம்மாவும் பட்டும் வேட்டியுமாகக் கிளம்புவார்கள். சிப்பாயும் வாலை ஆட்டிக்கொண்டு வாசல் வரை ஓடும்.

"ஏய், நீ எங்கே வாறே? போய்க் கோழியைப் பாரு!" என்று படலைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

அன்றும் அப்படித்தான் நடந்தது. காலையிலேயே இருவரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். சிப்பாய் உம்மென்று படுத்துக் கிடந்தது.

"நானும் இந்த வீட்டு ஆளுதானே! ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனா இவங்களுக்கு என்ன குறைஞ்சு போயிடும்?" என்று முனகியது.

அந்த முனகல், வேலிக்கு வெளியே பதுங்கியிருந்த கோணவாயன் என்ற கிழட்டு நரியின் காதில் விழுந்தது. பசித்த நரிக்கு இதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும்? ஓடிப்போய்த் தன் கூட்டத்திடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தது. வந்ததும் படலுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது.

"திருட்டுப் பயலே! உள்ளே காலை வச்சே, தோலை உரிச்சிருவேன்!" என்று பாய்ந்தது சிப்பாய்.

"உரிங்க மச்சான், உரிங்க! உரிமை உள்ளவங்கதானே உரிக்கணும்!"

"மச்சானா? யாருக்குடா மச்சான்?"

"என் பொண்ணுக்கு இன்னைக்கு உச்சிப்பொழுதுல முகூர்த்தம். அவ ஆத்தாவுக்குக் கூடப்பொறந்தவங்க யாருமில்லை. தாய்மாமன் இல்லாத பொண்ணு கழுத்துல தாலி எப்படி ஏறும்? நாயும் நரியும் ஒரே குலம். முறைக்கு நிக்க உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா? முதல் தாம்பூலமே உங்களுக்குத்தான் மச்சான்!"

சிப்பாயின் வால் தானாக ஆடியது. "எனக்குப் பரிவட்டம் கட்டுவீங்களா?" என்று கேட்டது.

பாருங்கள், கேட்ட முதல் கேள்வியே இதுதான்! பெண் யார், மாப்பிள்ளை யார், தினமும் தான் விரட்டும் நரிக்கு இன்றைக்கு ஏன் இத்தனை பாசம் என்று ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

"தாய்மாமனுக்குக் கட்டாம வேற யாருக்குக் கட்டுவோம்? ஆனா மச்சான், நீங்க வெறுங்கையோட வரலாமா? சீர் இல்லாம வந்தா ஊர் சிரிக்காதா?"

"சீருக்கு நான் எங்கேடா போவேன்?"

"பட்டா கேக்கிறோம், பவுனா கேக்கிறோம்? உங்க வீட்டுப் பொம்பளைங்க ஆளுக்கொரு பூவோட வரிசையா நடந்து வந்தாப் போதும். அதுவே எங்களுக்குப் பெரிய சீர்!"

சொல்லிவிட்டு நரி கோழிகளை ஒரு பார்வை பார்த்தது. அதன் வாயோரம் எச்சில் ஒழுகியது. பாசத்தில் பேச்சு வராமல் தவிக்கிறது என்று நினைத்துக்கொண்டது சிப்பாய்.

நரி போனதும் சிப்பாய் கோழிகளை அழைத்தது. "எல்லாரும் கிளம்புங்க! தாய்மாமன் சீர் கொண்டு போறோம்!"

"எந்த வீட்டுக்கு அண்ணே?" என்று கேட்டது புள்ளிக்கோழி.

"நரி வீட்டுக்கு!"

கோழிகள் கொத்துவதை நிறுத்திவிட்டன. புள்ளிக்கோழி சிரித்துவிட்டது.

"நல்லா இருக்கே நியாயம்! நரி வீட்டுக்குக் கோழி சீர் தூக்கிட்டுப் போகுதாம்! அண்ணே, நாங்க சீரைக் கொண்டு போறோமா? இல்லை, நாங்கதான் சீரா?"

"வாயை மூடு! எனக்கு ஒரு கௌரவம் வந்தா உனக்குப் பொறுக்காதே! பொறாமை பிடிச்சவ!"

மற்ற கோழிகள் தயங்கின. வெள்ளைக்கோழிதான் முதலில் ஒரு சாமந்திப் பூவைக் கொத்தி எடுத்தது.

"சிப்பாயண்ணன் கூட வரும்போது நமக்கென்ன பயம்? இத்தனை நாளும் நம்ம உசிரைக் காப்பாத்தினவரு ஆச்சே!" என்றது.

அந்த ஒரு நம்பிக்கையில்தான் எல்லாம் கிளம்பின. புள்ளிக்கோழி மட்டும் கூரைமேல் பறந்து உட்கார்ந்துகொண்டது. "நான் வரலை. போறவங்களும் யோசிச்சுப் போங்க!" என்று கத்தியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சிப்பாய் படலை முட்டித் திறந்தது. முன்னால் அது நெஞ்சை நிமிர்த்தி நடக்க, பின்னால் கோழிகள் பூவைக் கவ்விக்கொண்டு வரிசையாக நடந்தன. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். சிப்பாய்க்குக் குடைதான் கிடைக்கவில்லை.

காட்டுக்குள் நரிகள் இருபுறமும் வரிசையாக நின்றன. நடுவில் ஒரு நோஞ்சான் நரி, தலையில் ஆவாரம்பூவைச் சொருகிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தது. அதுதான் மணப்பெண்ணாம்!

"தாய்மாமன் வந்தாச்சு! பரிவட்டம் கொண்டாங்க!" என்று கூவியது கோணவாயன்.

மணை என்று ஒரு கல்லைக் காட்டிச் சிப்பாயை உட்கார வைத்தன நரிகள். ஒரு பெரிய ஆமணக்கு இலையைக் கொண்டுவந்து, சிப்பாயின் தலையில் வைத்துக் கொடியால் இறுக்கிக் கட்டின.

"அடேய், கண்ணு தெரியலையே!"

"எங்க குலத்துல கண்ணையும் சேர்த்துத்தான் கட்டுவோம் மச்சான். தாலி கட்டுறதைத் தாய்மாமன் பார்த்தா பொண்ணுக்கு ஆகாது!"

இப்படியொரு வழக்கத்தை எந்த ஊரிலாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சிப்பாயோ, கட்டுவதற்கு வசதியாகத் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தது.

"இன்னொண்ணு மச்சான். கெட்டிமேளம் ஓயிற வரைக்கும் மணையை விட்டு எந்திரிக்கக் கூடாது. நடுவுல அபசகுனமா ஏதாவது சத்தம் கேட்டா, அது யாரு காதுலயும் விழாம நீங்களும் மேளத்தோட சேர்ந்துக்கணும்!"

"அது எனக்குத் தெரியாதா? நான் பார்த்துக்கறேன்!" என்றது சிப்பாய். ஒரு கல்யாணத்தைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. பேச்சு மட்டும் பத்துக் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் பேச்சு!

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

நரிகள் எல்லாம் ஒன்றாக ஊளையிட்டன. காடே அதிர்ந்தது. அந்த ஊளைக்கு நடுவே படபடவென்று இறக்கைகள் அடித்துக்கொண்டன. வெள்ளைக்கோழியின் குரல் கேட்டது.

"அண்ணே! சிப்பாயண்ணே! காப்பாத்துங்க!"

சிப்பாயின் காதில் அது நன்றாகவே விழுந்தது. ஒரு கணம் எழுந்திருக்கவும் பார்த்தது. ஆனால் மணையை விட்டு எழுந்தால் பரிவட்டம் சரிந்துவிடுமே! கல்யாணத்தைக் கெடுத்த தாய்மாமன் என்று நாலு பேர் ஏசுவார்களே! மறுபடி உட்கார்ந்துகொண்டது. கழுத்தை நீட்டி, எல்லா நரிகளையும்விட உரக்க ஊளையிட்டது. தூ! அதுவும் ஒரு காவல் நாயாம்!

மேளம் ஓய்ந்தது. சிப்பாய் காத்திருந்தது.

"அட்சதை போடலாமா?" என்று கேட்டது. பதில் இல்லை.

"தாம்பூலம் எங்கேப்பா?" என்று கேட்டது.

தலையை உதறி, இலையைக் காலால் தள்ளிப் பார்த்தது. பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. தரையெங்கும் கோழி இறகுகள் கிடந்தன. மிதிபட்ட சாமந்திப் பூக்களும் கிடந்தன. சிப்பாய் ஒவ்வோர் இறகாக மோந்து மோந்து பார்த்தது. வெள்ளை இறகுகளே அதிகம் கிடந்தன.

சாயங்காலம் சடையாண்டியும் குருவம்மாவும் திரும்பி வந்தார்கள். படல் திறந்து கிடந்தது. கூரைமேல் புள்ளிக்கோழி மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. முற்றத்து மூலையில் சிப்பாய் ஒடுங்கிப் படுத்திருந்தது. அதன் மூக்கில் ஓர் இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ! வேலியே பயிரை மேஞ்சிருச்சே!" என்று குருவம்மா விளக்குமாற்றை எடுத்தாள். "உனக்குச் சோறு போட்ட பாவத்துக்கு இதுதான் பலனா? ஓடு! இனி இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே!"

சிப்பாய்க்கு வாய் இருந்தும் என்ன பயன்? கோழிகளை நான் தின்னவில்லை, நானே கூட்டிக்கொண்டு போய் விருந்து வைத்தேன் என்று சொல்லுமா? வாலைக் காலிடுக்கில் சொருகிக்கொண்டு காட்டுக்கு ஓடியது.

அங்கே கோணவாயன் உப்பிய வயிற்றோடு மல்லாந்து கிடந்தது.

"மச்சான்! என்னை வீட்டை விட்டு விரட்டிட்டாங்க. தாய்மாமனுக்கு இங்கே ஒரு மூலை கொடுங்க!" என்று கெஞ்சியது சிப்பாய்.

கோணவாயன் நிதானமாக ஏப்பம் விட்டது.

"தாய்மாமனா? உன் காவல்ல கோழி இருந்த வரைக்கும் நீ தாய்மாமன். இப்ப நீ யாரோ, நாங்க யாரோ! போடா நாயே!"

உறவே இல்லாதவன் திடீரென்று உறவு சொல்லி மரியாதை செய்ய வந்தால், தலையை நீட்டுவதற்கு முன்னால் அவன் கண் எதன்மேல் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.