தழும்பைத் தேய்த்தவர்

தூத்துக்குடியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஜெஸிந்தாவுக்கு வயது முப்பத்து நான்கு. ஒரு கோலிக்குண்டைக் கையில் வாங்கினால் அது என்ன வகை, கையால் செய்ததா எந்திரத்தில் செய்ததா என்று சொல்லிவிடுவாள். அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளிடம் குண்டு பார்க்கக் கற்றுக்கொள்ளும் சீடர் சங்கரலிங்கத்துக்கு வயது அறுபத்தொன்று. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பள்ளிக்கூடத்தையே கைகட்ட வைத்த மனிதர், இங்கே ஸ்டூலில் உட்கார்ந்து அவளை டீச்சர் என்று கூப்பிடுவார். அதில் அவருக்குக் கூச்சம் கிடையாது, பெருமைதான்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. வகை தெரிந்த ஒவ்வொரு குண்டும் ஒரு தீப்பெட்டிக்குள் போகும். மூடியில் அதன் பெயரை எழுதி, வகை சொன்னவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை எல்லா மூடியிலும் ஜெஸிந்தாவின் கையெழுத்துதான்.

சங்கரலிங்கம் ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

"நான் என்னைக்கு மூடியில எழுதுவேன் டீச்சர்?"

"ஞாயித்துக்கிழமை வாங்க அண்ணாச்சி. உங்க குண்டு ஒண்ணும் எடுத்துட்டு வாங்க."

ஞாயிறன்று அவள் ஒன்பது குண்டுகளை வரிசையாக வைத்தாள். பால்குண்டு, பூனைக்கண் என்று அவர் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். ஏழாவதற்குத்தான் லென்ஸையே எடுத்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஜெஸிந்தா சந்தோஷத்தை மறைக்கத் தெரியாதவள், முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

பத்தாவதாக அவர் சட்டைப் பையிலிருந்து தன் குண்டை எடுத்து வைத்தார். அதனுள்ளே சிவப்பும் வெள்ளையும் முறுக்கிக்கொண்டு ஓடின. பத்து வயதில் தெருப் பையன்கள் பதின்மூன்று பேரைத் தோற்கடித்து ஜெயித்த குண்டு அது.

"கையால செஞ்ச முறுக்கு, டீச்சர்."

அவள் அதை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தாள். முறுக்கு எந்திரத்திலும் வரும். ஆனால் கையால் செய்யும்போது சூடான கண்ணாடிக் கம்பியைக் கத்தரியால் வெட்டுவார்கள். வெட்டிய இடத்தில் சொரசொரப்பாக ஒரு தழும்பு நிற்கும். அதுதான் சாட்சி.

"தழும்பு எங்க அண்ணாச்சி?"

அவர் கட்டைவிரலால் தடவினார். எங்கும் வழவழவென்று இருந்தது. அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. அத்தனை வருடக் கீறலோடு டீச்சர் கையில் கொடுக்க மனம் வராமல், முந்தின நாள் மோதிரக்கல் தீட்டும் பட்டறையில் கொடுத்துப் பளபளப்பாக்கி வாங்கி வந்திருந்தார். கீறலோடு தழும்பும் போய்விட்டது.

"இருந்துச்சு டீச்சர். விரலை அதுல வச்சுத்தான் அடிப்பேன்."

அவள் நம்பினாள். ஆனாலும் ஒரு காலித் தீப்பெட்டியையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்திவிட்டு, திரும்பி நின்று ஃபிரேம்களைத் துடைக்க ஆரம்பித்தாள். முறுக்கு என்று அவர் எழுதியிருந்தால் கேட்பதற்கு ஊரில் ஒருவரும் இல்லை.

வெகுநேரம் கழித்துப் பேனா மூடும் சத்தம் கேட்டது. அவள் வந்து வாசித்தாள். ‘வகை சொல்ல முடியாது. தழும்பைத் தேய்த்தவர்’ என்று எழுதி, கீழே இனிஷியலோடு முழுக் கையெழுத்துப் போட்டிருந்தார். வருகைப் பதிவேட்டில் போட்டுப் பழகிய அதே நிமிர்ந்த கையெழுத்து.

"தோத்துட்டேன் டீச்சர்" என்றார். அவர் தலை நிமிரவில்லை.

ஜெஸிந்தா கீழ் டிராயரைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு பழைய தீப்பெட்டி இருந்தது. அதை அவர் முன்னால் வைத்தாள். மூடியில் குண்டு குண்டான எழுத்தில், ‘என்ன வகை என்று தெரியாது. நான்தான் தேய்த்தேன். ஜெஸிந்தா, எட்டாம் வகுப்பு’ என்று இருந்தது.

சங்கரலிங்கம் அதை இரண்டு தடவை படித்தார். அவள் அவருடைய பெட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, டிராயரை மூடினாள். பிறகு அந்த ஒன்பது குண்டுகளையும், ஒன்பது காலித் தீப்பெட்டிகளையும் அவர் முன்னால் தள்ளினாள்.

"இதுலயும் அதே கையெழுத்தைப் போடுங்க அண்ணாச்சி."