எபி கிட்டாரின் தகடு

"டீச்சர், இந்த ஏழுல எது எபியோட தகடு மாதிரி?"

ஞானதிரவியம் பையைக் கவிழ்த்தார். ஏழு பிரிட்ஜ் தகடுகள் மேசைமேல் கலகலவென்று விழுந்தன. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகள் வந்து உட்காரும் தகடு அது.

மனுஷனுக்கு வயசு அறுபத்தொன்று. அவர் டீச்சர் என்று கூப்பிட்ட ரெஜினாவுக்கு முப்பத்தைந்துதான். பாளையங்கோட்டையில் கிட்டார் ரிப்பேர் பார்க்கிறவள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. வாயைத் திறந்தால் கேள்விதான் கேட்பாள், அதனால் ஒட்டிக்கொண்ட பேர்.

"பழைய தகடு எங்க அண்ணாச்சி?"

"பழைய இரும்புக்காரன்ட்ட போட்டுட்டேன்."

"பேரீச்சம்பழம் நல்லாருந்துச்சா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரும் எபியும் இருபத்திரண்டு வருஷம் ஒரே மெல்லிசைக் குழு. எபி கிட்டார், இவர் டிரம்ஸ். எபியின் உள்ளங்கை வேர்வை பட்டுப் பட்டுத் தகடு துருவேறிக் கிடந்தது. ஒரு பெரிய இடத்துக் கல்யாணம் வந்தது. மேடையில் பளிச்சென்று இருக்கட்டுமே என்று எபிக்குத் தெரியாமல் அதைக் கழற்றிவிட்டு, புதுசு ஒன்றை மாட்டி வைத்தார். ஆசையாகத்தான் செய்தார், பாவம்.

எபி ரெண்டு பாட்டு வாசித்தான். மூணாவது பாட்டுக்கு முன்னால் கிட்டாரைக் கழற்றி இவர் மடியில் வைத்தான்.

"என் சத்தத்தைத் தூக்கிப் போட்டுட்டீரே, வே."

மேடையை விட்டு இறங்கினவன்தான். ஒன்பது வருஷம் ஆச்சு.

"அந்தச் சத்தம் வேணும் டீச்சர். ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும். அதுக்காக நானே கிட்டார் பழகிட்டேன். ஊர் ஊரா அலைஞ்சு தகடு வாங்கிட்டேன். ஏழும் ஏமாத்திட்டு."

அவர் கொண்டுவந்திருந்த எபியின் கிட்டாரில் இருந்த தகட்டை ரெஜினா கழற்றினாள். அடியில் கட்டையை உற்றுப் பார்த்தாள்.

"இது என்ன கறை?"

"துரு."

"பித்தளை துருப்பிடிக்குமா?"

"பிடிக்காது."

ஒரு காந்தத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவரே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். நாலு தகட்டில் ஒட்டவில்லை, பித்தளை. மூணு மிஞ்சியது.

மேடைக்காக அவர் புதுசாகப் போட்ட திருகு ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்திருந்தார். அவற்றை விட்டுவிட்டு, பழைய நாலு ஓட்டைகளை மட்டும் அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். ரெண்டு தகடு அதில் பொருந்தவில்லை. ஒன்று சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்தது.

"அடக் கடவுளே, இது நான் ரெண்டாவதா வாங்குனது! மாட்டிப் பாத்து, சத்தம் வரலன்னு கழட்டிப் போட்டேன்!"

"இதுதான்."

திருகி, கம்பி கட்டி, சுருதி சேர்த்துக் கொடுத்தாள். அவர் வாசித்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"இல்ல டீச்சர். இது இல்ல." கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினார். "இனி வராது போல."

"எபி வாசிக்கும்போது நீங்க எங்க இருப்பீங்க?"

"அவனுக்குப் பின்னால. டிரம்ஸ்ல."

ரெஜினா கிட்டாரை வாங்கிக்கொண்டாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசித்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஞானதிரவியத்தின் ரெண்டு கையும் தொடையில் தாளம் போட ஆரம்பித்தன. அவர் போடவில்லை, அதுவாகப் போட்டது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"இதான் டீச்சர்! இதேதான்! ஆனா..."

அவள் கையை நிறுத்தினாள். "ஆனா?"

"எபி தாளத்துக்கு அரை மூச்சு பிந்தித்தான் வருவான். நான் அவனுக்காக நின்னு, சேத்துக் கூட்டிட்டுப் போவேன்."

"அவர் இருக்காரா?"

"இருக்கான். மார்த்தாண்டத்துல."

"போய்ப் பாத்தீங்களா?"

"சரியான தகடு கையில இல்லாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

ரெஜினா கிட்டாரை உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து, அவர் தோளில் மாட்டிவிட்டாள். மற்ற ஆறு தகட்டையும் அள்ளித் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

அவர் வாசல்வரை போனார். நின்றார்.

"டீச்சர், போறேன்னு வையிங்க. என்னைப் பாத்ததும் அவன் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துட்டா?"

"இருபத்திரண்டு வருஷமும் அவர் முதுகைப் பாத்துத்தான அண்ணாச்சி வாசிச்சீங்க?"