பச்சை மையின் முதற்கோடு

ஆற்றங்கரை நகரம் ஒன்றில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே கரிய ஊற்றுப்பேனா ஒன்று பேராசிரியர் பூங்கோதையின் வலக்கையில் பத்தொன்பது ஆண்டுகளாக வாழ்ந்துவந்தது. மற்ற மாதங்களில் அதற்கு நீல மை. விடைத்தாள் திருத்தும் காலம் வந்தால் சிவப்பு.

பல்கலைக்கழகத்தின் விடைத்தாள் திருத்தும் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. திருத்துவோர் எல்லாருக்கும் சிவப்பு மை. அவர்கள் திருத்தியதைச் சரிபார்க்கும் தலைமைக்கு மட்டும் பச்சை மை. பச்சை எழுதியதைச் சிவப்பு மாற்ற இயலாது.

சித்திரை மாதத்துக் காலை ஒன்றில் பூங்கோதை மதிப்பீட்டுத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார். நாற்காலியில் அமருமுன் கண்மூடி இறைவனை நினைந்தார். பின் பேனாவை நீரில் கழுவிக் கழுவிச் சிவப்பெல்லாம் போக்கி, பச்சை மையை நிரப்பினார். பேனாவின் நெஞ்சு குளிர்ந்தது. திருமஞ்சனம் கண்ட சிலையைப்போல அது நிமிர்ந்து நின்றது.

"அண்ணே, பச்சை உங்களுக்கு நன்றாகத்தான் எடுக்கிறது. இனி எங்களையெல்லாம் அடையாளம் தெரியுமா?" என்றது அடுத்த மேசையின் தடித்த சிவப்புப் பேனா.

"தெரியாமல் என்ன? உன் கூட்டற்பிழைகளை இனி நான்தானே பார்க்கவேண்டும்," என்றது கரிய பேனா. கூடம் சிரித்தது.

தலைவரின் மேசையில் பித்தளை முத்திரை ஒன்று வீற்றிருந்தது. "வா தம்பி. ஆறு தலைவர்களை இங்கே கண்டவன் நான். ஒன்று சொல்கிறேன் கேள். அதிகம் எழுதாதே. நீ கையொப்பம் இடு. அதன்மேல் நான் விழுகிறேன். அத்தோடு வேலை தீர்ந்தது."

முதல் விடைத்தாள் கட்டு வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு மாணவர் எழுதிய நீரியல் தாள். அதிலிருந்து பத்துத் தாள்களை உருவிப் பார்ப்பது தலைமையின் கடமை. பத்தில் ஒன்பது தாள்களில், தண்ணீர்த் தொட்டி பற்றிய பதினாறு மதிப்பெண் வினாவுக்கு நான்கே மதிப்பெண் விழுந்திருந்தது. ஒன்றுக்கு மட்டும் பதினாறும் கிடைத்திருந்தது.

"பிள்ளைகள் படிக்கவில்லை," என்றது முத்திரை.

"விடைக்குறிப்பில் உள்ளபடிதான் போட்டோம் அண்ணே," என்றன சிவப்புப் பேனாக்கள்.

ஒன்பதில் ஒன்றான மெலிந்த விடைத்தாள் தயங்கித் தயங்கி வாய்திறந்தது. "ஐயா, எல்லாரும் என்னை விடைக்குறிப்போடு ஒப்பிட்டார்கள். வினாவோடு யாரும் ஒப்பிடவில்லை."

பேனா திகைத்தது. பத்தொன்பது ஆண்டுகளில் தானும் அப்படி ஒப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது. பூங்கோதையும் விடைக்குறிப்பைத் தள்ளிவைத்தார். அவர் பிரிவு அலுவலரை அழைத்தார்.

"சபாநாயகம், இதன் வினாத்தாள் எங்கே?"

"பீரோவில் இருக்கிறதம்மா. திருத்தும் மேசைக்குக் குறிப்பு மட்டும்தானே போகும். இதுவரை யாரும் கேட்டதில்லை."

"நான் கேட்கிறேன். எடுத்து வாருங்கள்."

வினாத்தாள் வந்தது. அதில் தொட்டியின் உயரம் நான்கு மீட்டர். விடைக்குறிப்பிலோ மூன்று மீட்டருக்கான கணக்கு. சென்ற ஆண்டு வினாவில் மூன்று இருந்ததால், வினாத்தாளைச் சரிபார்க்கும் ஆய்வுக்குழு இம்முறை அதை நான்காக மாற்றியிருந்தது. வினா மாறியது, குறிப்பு மாறவில்லை. ஒன்பது பிள்ளைகளும் சரியாகவே எழுதியிருந்தார்கள். பதினாறு பெற்றவன் சென்ற ஆண்டு விடையை மனப்பாடமாக ஒப்பித்திருந்தான்.

"இந்தக் குறிப்பை எழுதிய மகானுபாவர் யார்?" என்றது பேனா.

விடைக்குறிப்பு அதனை ஏற இறங்கப் பார்த்தது. "என் எழுத்தின் சுழிவைப் பார். தெரியவில்லையா? கார்த்திகை மாதத்தில், வினா மாறியபிறகும் பழைய மூன்றையே வைத்து, நீல மை குடித்துக்கொண்டு என்னை எழுதியவன் நீதான்."

பேனாவுக்குள் மை உறைந்தது. பூங்கோதையும் தம் கையெழுத்தை அடையாளம் கண்டார்.

முத்திரை குரலைத் தாழ்த்தியது. "தம்பி, இது வெளியே தெரியவேண்டாம். குறிப்பு ஆய்வுக்குழுவின் கைக்கும் போய்த்தானே வந்தது? பழி அங்கே போகட்டும். இல்லையேல் எல்லாருக்கும் ஐந்து மதிப்பெண் கருணையாகக் கொடுத்துவிடு. உன்னை வள்ளல் என்பார்கள். முதல் நாளே உன் எழுத்தை நீயே அடித்தால் நாளை உன்னை எவர் மதிப்பார்?"

"இதனால் எத்தனை பேர் தேர்ச்சி இழக்கிறார்கள்?" என்று பேனா விடைத்தாளைக் கேட்டது.

"நாற்பத்தெட்டுப் பேர், ஐயா. எங்களுக்குக் கருணை வேண்டாம். நாங்கள் எழுதியது எங்களுக்குக் கிடைத்தால் போதும்."

பிறர் நெற்றியில் நீறிடும் விரல் முதலில் தன் நெற்றியைத் தொடவேண்டும். பேனாவுக்கு அது விளங்கியது. அதைப் பிடித்திருந்தவருக்கும் விளங்கியது. விடைக்குறிப்பின் மூல ஏட்டை இழுத்து, மூன்று என்றிருந்த இடத்தில் பச்சைக் கோடு கிழித்து, நான்கு என்று எழுதினார் பூங்கோதை. அருகில், 'பிழை என்னுடையது' என்று எழுதிக் கையொப்பம் இட்டார்.

"அம்மா, நாளை மறுநாள் முடிவு வெளியாகவேண்டுமே," என்றார் சபாநாயகம்.

"நான்கு நாள் தாமதமாகும். காரணம் கேட்பவர்களுக்கு இந்த ஏட்டையே காட்டுங்கள். நானூற்றுப் பன்னிரண்டு தாளும் மீண்டும் மேசைக்கு வரட்டும். ஒவ்வொரு மேசையிலும் குறிப்போடு வினாத்தாளும் இருக்கட்டும்."

முத்திரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனினும் கையொப்பம் இட்ட இடத்தில் அது விழுந்தே ஆகவேண்டும், விழுந்தது.

அந்த நான்கு நாளும் கூடத்தில் வேலை கடுமை. பேனாவுக்கோ களைப்பே தோன்றவில்லை. மெலிந்த விடைத்தாளில் நான்கு என்பதை அடித்துப் பதினாறு எழுதியபோது, நெய் வார்த்த விளக்கைப்போல அதன் மனம் நின்று எரிந்தது. மனப்பாடத் தாளில் பதினாறு நான்காயிற்று. "போன வருடம் எழுதியிருந்தால் நான் முதல் வகுப்பு," என்று அது முணுமுணுத்தது, ஆனால் மறுக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை, கடைசிக் கட்டின்மேல் முத்திரை விழப்போகும் நேரம். தன் பிழை எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால் கேலிக்கு அஞ்சிக் கரிய பேனா மூடிக்குள் ஒடுங்கியிருந்தது. அடுத்த மேசையிலிருந்து தடித்த சிவப்புப் பேனா மெல்ல அருகே வந்தது.

"அண்ணே, சென்ற வாரத்துக் கட்டில் என் கூட்டலில் ஒரு பிழை உண்டு. எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது சொல்லலாமா?"

கரிய பேனா தன் மூடியைக் கழற்றி அருகே வைத்தது. "கட்டைக் கொண்டு வா தம்பி."