உள்ளங்கால்

அரங்கசாமி லாரி ஓட்டி ஓய்ந்தவர். மனைவி போன பிறகு வீட்டுச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, கருங்குன்றின் அடிவாரத்தில் இருந்த தில்லைநாயகி அம்மையின் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். அம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். அதனால் என்ன? வந்த அன்றைக்கே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"சாகிற மட்டும் உங்களுக்குச் சேவை செய்யணும் தாயே."

"முதல்ல எழுந்திருங்க ஐயா. சாப்பிட்டாச்சா?"

சேவை என்றால் அப்படியொரு சேவை. விடியுமுன் சுனைக்குப் போய்க் குடம் குடமாகத் தண்ணீர் சுமப்பார். குரு நடக்கும் மண்ணில் செருப்பு ஆகாது என்று வெறுங்கால்தான். கல் குத்தும், முள் குத்தும், அவருக்கு ஒன்றும் தெரியாது. பாதம் மரத்துப்போய் வெகுநாள் ஆகியிருந்தது. அதைக் குருவருள் என்றே எண்ணிக்கொண்டார் மனுஷன்.

ஒருநாள் காலை, கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் அவர் நடந்துபோன ஈரத் தடத்தை அம்மை பார்த்தார். வலது காலடியில் மட்டும் செம்மண் கரைத்தாற்போல ஒரு கறை.

"கால்ல என்ன ஐயா?"

"ஒண்ணுமில்லம்மா. சின்னப் புண்ணு. மஞ்சள் அப்பியிருக்கேன்."

"வலிக்குதா?"

"துளிகூட இல்லை!" என்றார் அரங்கசாமி பெருமையாக.

"அதுதான் பயமா இருக்கு" என்றார் அம்மை.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். சர்க்கரை, காலில் உணர்ச்சியே இல்லை. அந்தக் காலை ஊன்றவே கூடாது, தினமும் சுத்தம் செய்து கட்டு மாற்ற வேண்டும். அசட்டையாக இருந்தால் விரலோடு போகாது, பாதத்தையே எடுக்க வேண்டி வரும்.

"யார் கட்டு மாத்துவாங்க?"

"நான்" என்றார் அம்மை.

மறுநாள் அரங்கசாமியின் கால் முக்காலி மேல் இருந்தது. அம்மை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, மருந்துத் தண்ணீரால் புண்ணைத் துடைத்தார். இவருக்கோ உடம்பெல்லாம் கூசியது. கண்ணை மூடிக் கும்பிட்டபடியே இருந்தார்.

அந்த வழியாகக் கரண்டியோடு வந்தார் சமையல்காரர் காத்தமுத்து.

"யோவ் அரங்கு! ஊரே அம்மா கால்ல விழுது. நீ அம்மாவையே காலைப் பிடிக்க வெச்சிட்டியே! பலே ஆளுய்யா!"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். இவருக்கு நெஞ்சில் சுருக்கென்று ஏறிவிட்டது. அடுத்த நாள் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார்.

"நானே கட்டிக்கிறேம்மா. கை நல்லாத்தானே இருக்கு."

ஓரிரு நாளில் அறையிலிருந்து ஒரு வாடை வந்தது. அம்மை கதவைத் தட்டினார்.

"திறங்க ஐயா."

திறந்தார். ஆனால் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

"தொடாதீங்கம்மா. குருவோட கை சீடன் காலில் படலாமா? எந்த ஜென்மத்துல தீரும் இந்தப் பாவம்? கால் போனாப் போகட்டும்."

"சரி, தொடலை. உங்க உள்ளங்காலை நீங்களே பார்த்து, புண்ணு என்ன நிறத்துல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

இதென்ன பிரமாதம் என்று கட்டை அவிழ்த்துவிட்டுக் குனிந்தார். தொந்தி தடுத்தது. காலை மடக்கிப் பார்த்தார், முட்டி மறுத்தது. கட்டைவிரலைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் கட்டிலில் மல்லாந்து விழ, கால் ரெண்டும் ஆகாயத்தைப் பார்த்தன.

"தெரியலையேம்மா..."

"எனக்கு இங்கேருந்தே தெரியுது. நீங்க வெச்ச பஞ்சு உள்ளேயே ஒட்டிக்கிட்டிருக்கு."

அரங்கசாமி விழுந்தவாக்கிலேயே சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவருக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். வலது காலை மெதுவாக நீட்டினார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுத்தம் செய்து வந்தார்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் கட்டு தவறவில்லை. கத்தரிக்கோலைக் கொதிக்க வைத்துக் கொண்டுவருவது காத்தமுத்துவின் பொறுப்பாயிற்று. "சோத்துக்கு உலை வெச்சது போக, உன் காலுக்கும் உலை வெக்கிறேன்யா" என்று அலுத்துக்கொள்வார். ஆனால் கத்தரியைத் தானே ஆற்றி, கை படாமல் தட்டில் வைத்துத்தான் கொடுப்பார்.

பங்குனி வெயில் போய் ஆடிக்காற்று வந்தது. புண்ணின் ஓரம் ரோஜா நிறத்தில் சுருங்கிச் சுருங்கி, ஒருநாள் மூடிக்கொண்டது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆறிடுச்சு. கால் தப்பிச்சது. இனிமே செருப்பில்லாம நடக்கவே கூடாது."

திரும்பி வந்ததும் அரங்கசாமி கீழே விழப் போனார்.

"புதுத் தோலு ஐயா. மடக்காதீங்க."

புதுச் செருப்போடு நின்றபடியே கும்பிட்டார்.

"சேவை செய்யணும்னு வந்தேன் தாயே. இத்தனை மாசமா ஒரு குடம் தண்ணி எடுக்கலை. துரை மாதிரி காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்தக் காலுக்காக நீங்கதான் தினம் தினம் குனிஞ்சீங்க. இதுக்கு நான் என்ன செய்யப் போறேன்?"

மிச்சமிருந்த கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டே அம்மை சொன்னார்:

"நான் இங்கே வந்து உட்கார்ந்த நாள்லேருந்து எல்லாரும் என் முன்னாடி குனியறாங்க ஐயா. என்னைக் குனிய யாரும் விட்டதில்லை. நீங்கதான் விட்டீங்க."