பொம்மக்கா சந்து

ஒரு பெரிய பட்டணம், அதுல ஒரு சின்னச் சந்து இருந்துச்சாம். மழை பெய்தா முழங்கால் வரைக்கும் சேறு. அங்கே பானை வித்துக்கிட்டிருந்த பொம்மக்கா, உடைஞ்ச பானையையெல்லாம் சில்லு சில்லா நொறுக்கிச் சேத்துல போட்டு இடிச்சாளாம். ஒரு நாள் இல்லை, ஒரு மாசம் இல்லை, பன்னிரண்டு வருஷம் இடிச்சாளாம். சந்து கெட்டித் தரையா ஆயிடுச்சு. எல்லாரும் அதைப் பொம்மக்கா சந்துன்னாங்க.

நல்ல பாதையைப் பார்த்தா மந்திரி சூரசிம்மர் சும்மா இருப்பாரா? அங்கே மாளிகை கட்டினார், கட்டிட்டுத் தமுக்கடிக்கிற மாடசாமியை அனுப்பினார்.

"இனிமே இது சூரசிம்ம ராஜவீதி. பொம்மக்கா சந்துன்னு சொல்ற நாக்கை அறுத்துடுவோம்"னு அவன் தமுக்கடிச்சுச் சொன்னான்.

பொம்மக்கா இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "சரி தம்பி, சொல்லலை. உங்க ஐயா பேரும் எங்க வாயில வராது. யார் கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்லுவோம். தெரியாதுங்கறதுக்கு என்ன தண்டனைன்னு கேட்டுட்டு வா" அப்படின்னாளாம். ஊரே அதைப் பிடிச்சுக்கிச்சு.

அப்புறம் மந்திரி மகளுக்குக் கல்யாணம் வந்துச்சு. மாப்பிள்ளை வீட்டார் அசலூர். யானையும் நாயனமுமா வந்து எண்ணெய்க்காரரைக் கேட்டாங்க, "ஐயா, சூரசிம்ம ராஜவீதி எது?"

"தெரியாதே."

பூக்காரம்மாவைக் கேட்டாங்க. "தெரியாதே சாமி."

தச்சரைக் கேட்டாங்க. "இந்த ஊர்லயா? தெரியாதே."

யானை ஊரை மூணு சுத்து சுத்திடுச்சு, முகூர்த்தம் நெருங்கிடுச்சு. மாப்பிள்ளையோட அப்பா, "பொண்ணும் வேணாம், ஒண்ணும் வேணாம், யானையைத் திருப்பு"ன்னுட்டார்.

மாடியில நின்ன மந்திரிக்கு நாயனச் சத்தம் தூரமாப் போறது கேட்டுச்சு. செருப்புகூடப் போடாம ஓடினார், ஓடிக்கிட்டே கத்தினார்: "சம்பந்தி, இங்கே வாங்க. பொம்மக்கா சந்துன்னு கேளுங்க, பொம்மக்கா சந்து, பொம்மக்கா சந்து."

நீங்க சிரிக்கிற மாதிரிதான் ஊரும் சிரிச்சுது. மாடசாமி மெதுவா, "ஐயா, அந்த நாக்கு விஷயம்..."னு இழுத்தான்.

"நாக்கு இருக்கட்டும் தம்பி" அப்படின்னாளாம் பொம்மக்கா. "அறுத்துட்டா எப்படிப் பேசுவார்? தாலி ஏறட்டும், அப்புறம் உன் தமுக்கை அவர் கழுத்துல மாட்டு. எங்க வாயை அடைச்சவர், அவர் வாயாலயே அந்தப் பேரைத் தெருத்தெருவாச் சொல்லட்டும்."

யானை திரும்பி வந்துச்சு, தாலியும் ஏறுச்சு, மந்திரி சொன்னார். மூணு நாள் தொண்டை கட்டுற வரைக்கும் சொன்னார்.

இப்பவும் அந்தத் தெருமுனைப் பலகையில வேற ஏதோ பேரு எழுதியிருக்கு. அதைச் சொன்னா ஆட்டோக்காரர் முழிப்பார். பொம்மக்கா சந்துன்னு சொல்லிப் பாருங்க, வாசல்லயே கொண்டுபோய் விடுவார்.

கதையும் வாசலுக்கு வந்தாச்சு, இறங்கிக்கோங்க.