கார்டு இல்லாத வெள்ளிக்கிழமை

அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் ஞானமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கும் பர்வீனுக்கு முப்பத்து நான்கு. பாளையங்கோட்டையில் பர்வீனின் ஸ்டூடியோவில் ஞாயிறுதோறும் வகுப்பு.

பெரிய கேமராவைச் சுமந்து ஞானமுத்துவுக்குக் கழுத்து வலி. சின்னதாக ஒன்று வாங்க ஆசை. ஆறு மாதமாக யூடியூபே கதி என்று கிடந்து, பார்த்த கேமராவுக்கெல்லாம் ஒரு குறை கண்டுபிடித்தார். பெண் பார்க்கப் போனவர்கள்கூட இத்தனை குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"புதுசா வந்த குட்டிக் கேமராவுல எது நல்லது டீச்சர்? ஒண்ணுல ஜூம் நல்லா இருக்கு. ஒண்ணு இருட்டுலயும் தெளிவா எடுக்கு. இன்னொண்ணு சட்டைப் பையில அடங்குது."

பர்வீன் மேசை டிராயரைத் திறந்தார். தன்னுடைய சின்னக் கேமராவை எடுத்து நீட்டினார்.

"ஒரு வாரம் வச்சுப் பாருங்க சார்."

அந்த வாரம் ஞானமுத்துவின் கால் தரையில் நிற்கவில்லை. திங்களன்று கபடிப் போட்டி. செவ்வாயன்று குளத்துப் பறவைகள். புதனன்று பக்கத்து வீட்டில் காதுகுத்து. வியாழனன்று சர்ச் கொடியேற்றம். வெள்ளிக்கிழமை, அஞ்சலகத்தைக் கூட்டித் துடைத்துவந்த லூர்தம்மாளுக்குப் பணி நிறைவு விழா.

ஞாயிற்றுக்கிழமை தொங்கிய முகத்தோடு வந்தார்.

"என்னாச்சு சார்?"

"வெள்ளிக்கிழமை எடுத்த படம் ஒண்ணுகூட இல்ல டீச்சர். மெமரி கார்டு வீட்டுல கம்ப்யூட்டர்லயே இருந்திருக்கு. கேமரா அது பாட்டுக்கு டிக் டிக்னு எடுத்துச்சு. மூலையில ஏதோ சிவப்பா மின்னுச்சு. நான் கண்ணாடி போடல."

"லூர்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. 'என்னைய மட்டும் தனியா ஒண்ணு எடுங்க சார், இதுவரைக்கும் அப்படி ஒரு படம் இல்ல'ன்னு கேட்டாங்க. அரை மணி நேரம் நிக்க வச்சேன். இன்னிக்கு அஞ்சரை மணி பஸ்ஸுல திருப்பூருக்கு மக வீட்டோட போறாங்க. எந்த முகத்த வச்சுக்கிட்டுப் போய்ச் சொல்ல? ஆபீஸ்ல ஒருத்தர் செல்போன்ல எடுத்த க்ரூப் போட்டோவுல அவங்கள மட்டும் வெட்டி அனுப்பிரலாம்னு பாக்கேன்."

பர்வீன் கேமராவை வாங்கினார். மேசை டிராயரிலிருந்து ஒரு கார்டை எடுத்து அதில் போட்டார். திருப்பிக் கொடுத்தார்.

"மணி அஞ்சு ஆகப் போகுது சார்."

அடுத்த ஞாயிறு ஞானமுத்து கையில் ஒரு படத்தோடு வந்தார். பஸ் படிக்குப் பக்கத்தில், பச்சைச் சேலையில், கட்டைப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு லூர்தம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பஸ் ஸ்டாண்டு முழுக்க ஓடுனேன் டீச்சர். நடந்ததைச் சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. 'இத்தனை வருசத்துல என்னையத் தேடி இப்படி யாரு சார் ஓடி வந்தா? நீங்க நல்லா இருக்கணும்'னாங்க. கண்டக்டர் விசில் அடிக்கதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு எடுத்தேன்."

"அவங்களுக்கு அனுப்பியாச்சா?"

"மறுநாளே. நானே ஸ்டாம்ப் ஒட்டி, நானே முத்திரை குத்துனேன்."

பர்வீன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க விரட்டலேன்னா நான் போயிருக்க மாட்டேன் டீச்சர். ரொம்ப நன்றி."

ஞானமுத்து கேமராவை மேசைமேல் வைத்தார். அதோடு நிறுத்திக்கொள்ள அவரால் முடியவில்லை.

"இப்பவாவது சொல்லுங்க. எது நல்ல கேமரா?"

"பஸ் ஸ்டாண்டுல ஓடும்போது இது கனமா இருந்துச்சா சார்?"

ஞானமுத்து யோசித்தார். லூர்தம்மாளின் சிரிப்பு ஞாபகம் வந்தது. விசில் சத்தம் ஞாபகம் வந்தது.

"கையில கேமரா இருந்ததே ஞாபகம் இல்ல டீச்சர்."

பர்வீன் கேமராவை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கேமராவ மறந்தா நல்லதுதான் சார். கார்ட மட்டும் மறந்துராதீங்க."